‘கொ’ எந்தப் பக்கம் தொடங்குகிறது?

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில், ஆரம்பப்பிரிவு ஆசிரியர்களுக்கான ஒருநாள் செயலமர்வு. நான் பின்வரிசைக் கதிரையில் இருந்தேன். வளவாளர் வணக்கம் சொன்ன கையோடு எல்லோருக்கும் ஒரு தாளைக் கொடுத்தார். மேலே எழுத்து அட்டவணை, கீழே ஒரேயொரு வசனம். மொழி தமிழ்தான், எழுத்து மட்டும் மலையாளம். “இரண்டு நிமிசம். வாசியுங்கோ பாப்பம்” என்றார்.

இருபது வருடம் படிப்பித்த ரீச்சர்மார் எழுத்துக்குக் கீழே விரலை வைத்து ஊரத் தொடங்கினார்கள். உதடுகள் அசைந்தன. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மூன்றாவது சொல்லுக்கு வந்ததும் முதற்சொல்லை மறந்துவிட்டுத் திரும்ப முதலிலிருந்து பிடித்தார். வசனம் இதுதான்: ‘மழை விட்டதும் கோழி கிணற்றடிக்குப் போனது.’ நேரம் முடிந்தது. “கோழி எப்ப போனது?” என்று கேட்டார் வளவாளர். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கோழி போனது தெரியும், மழை விட்டது எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

தரம் 2 பிள்ளை ஒன்றின் தலைக்குள் நாள்தோறும் நடப்பது இதுதான். வாசிக்கும்போது சொற்களைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் இடம் மூளையில் மிகச் சிறியது. ஒரே நேரத்தில் நாலைந்து விடயங்களுக்கு மேல் அங்கே தங்காது. எழுத்தை இனங்காணவே அந்த இடம் முழுவதும் செலவானால், பொருளுக்கு மிச்சம் இராது. அதனால்தான் வசனத்தை முழுதாக ‘வாசித்து’ முடித்த பிள்ளையிடம் கேள்வி கேட்டால் விழிக்கிறது. கவனமில்லை என்று நாம் திட்டுகிறோம்.

பேச்சு மனிதருக்கு மிகப் பழையது. எழுத்து வந்து சுமார் 5,000 வருடங்கள்தான் ஆகின்றன. வாசிப்பதற்கென்று ஒரு பகுதியோடு யாரும் பிறப்பதில்லை. ஸ்ரனிஸ்லாஸ் டெஹேன், லோரன்ற் கோஹன் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டியபடி, மூளையின் இடது பாதியில் பின்புறம் அடிப்பக்கமாக, பொருட்களையும் முகங்களையும் இனங்காணும் பகுதிகளை அண்டி ஒரு சிறிய இடம் இருக்கிறது. வாசிக்கப் பழகும்போது அந்த இடம் எழுத்துக்காக மாற்றியமைக்கப்படுகிறது. மாறியபின் திரும்பிப் போக வழியில்லை. ‘சிவப்பு’ என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லுங்கள் என்றால் நாம் தடுமாறுவோம். 1935இல் ஜோன் ஸ்ரூப் இதைச் சோதித்து எழுதினார். சொல்லை வாசிக்காமல் இருக்க நம்மால் முடியாது. ஆசிரியரின் சங்கடமும் அங்கேதான் இருக்கிறது. வாசிப்பு தனக்கு எப்படி நடக்கிறது என்பது அவர் கண்ணுக்கே தெரியாது. அந்த மலையாளத் தாள் செய்தது, இரண்டு நிமிடத்துக்கு அதைத் தெரியவைத்ததுதான்.

சரி, தமிழ் எழுத்துக்கு வருவோம். 247 எழுத்து என்று பயமுறுத்துவார்கள். உண்மையில் 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம். மற்ற 216உம் சேர்க்கை. ‘உயிர்மெய்’ என்ற பெயரே செய்முறையைச் சொல்லிவிடுகிறது. ஆனால் பிள்ளையின் காது ‘கொ’வை க், ஒ என்று இரண்டாகக் கேட்பதில்லை, ஒரே துண்டாகத்தான் கேட்கிறது. இந்தப் பிரிப்பு தானாக வராது. 1979இல் போர்த்துக்கலில் எழுத்தறிவில்லாத பெரியவர்களிடம் ஒரு சொல்லின் முதல் ஒலியை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சொல்லச் சொன்னார்கள். பெரும்பாலோரால் முடியவில்லை, அதே ஊர்ப்பக்கத்தில் பிந்திப் படித்தவர்கள் செய்தார்கள். ஒலியைப் பிரிக்கும் காது, எழுத்தோடு சேர்ந்துதான் வளர்கிறது.

அப்புறம் ‘கொ’வின் வடிவம். வாய் க் என்று தொடங்குகிறது, கண்ணுக்கு முதலில் படுவதோ கொம்பு. பிறகு க, பிறகு கால். ஒலி ஒரு வரிசை, எழுத்து வேறு வரிசை. பன்னிரண்டு உயிரில் எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஆறுக்கு இந்த இடப்பக்கக் கோளாறு உண்டு. உகர வரிசையோ இன்னும் மோசம். கு, சு, து, மு என்று ஆளுக்கொரு வால். இதற்கு மேல் எழுத்தின் பெயர்: ‘அ’ குறில், நாம் அதற்குச் சொல்லும் பெயர் ‘ஆனா’; ‘இ’க்கு ‘ஈனா’. கன்னடம் படிக்கும் பிள்ளைகளை ஆராய்ந்து 2007இல் எழுதிய சோனாலி நாக், இந்த வகை எழுத்துகளைக் கற்பது முதல் ஓரிரு வருடத்தில் முடிவதில்லை, நான்காம் வகுப்பு வரைக்கும் நீள்கிறது என்றார். ஆங்கில அரிவரியின் 26 எழுத்தை வைத்துக் கணக்குப்போட்டுத் தமிழ்ப் பிள்ளையை மெல்லக் கற்பவர் என்று முத்திரை குத்துவது அநியாயம்.

செயலமர்வில் எனக்கு மிகப் பிடித்தது கொப்பிப் பகுதி. மூன்று பிள்ளைகள், ஒரே சொல், மூன்றுக்கும் சிவப்பு மையில் பிழை. முதற்பிள்ளை ‘கொக்கு’வை ‘கெக்கு’ என்று எழுதியிருந்தது. அதன் காதில் குறையில்லை, வலப்பக்கக் காலைத்தான் விட்டுவிட்டது. இரண்டாவது, ‘கொகு’. ஒற்றை ஒலிக்கும் இரட்டித்த ஒலிக்கும் உள்ள வித்தியாசம் அதற்குக் கேட்கவில்லை. முதலில் கைதட்டி, வாய்க்குள் நிறுத்திப் பார்க்கும் விளையாட்டு வேண்டும்; பத்துத் தரம் பார்த்தெழுதச் சொல்வது வீண். மூன்றாவது, படத்தைப் பார்த்து ‘காக்கா’ என்று வாசித்து, அப்படியே எழுதிய பிள்ளை. எழுத்தைப் பார்க்கவேயில்லை, ஊகிக்கிறது. நோய் மூன்று, மருந்து மூன்று. இன்னொரு பிள்ளை ‘பளம்’ என்று எழுதியிருந்தது. அதைப் பிழை என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர் ழகரத்தை ழகரமாகச் சொல்கிறோம்? பிள்ளை கேட்டதை நேர்மையாக எழுதியிருக்கிறது.

“சேர், டிஸ்லெக்சியா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?” என்று ஒரு ரீச்சர் கேட்டார். புத்தியில் குறையில்லாமலே வாசிக்க மட்டும் இடர்ப்படும் நிலைதான் அது. கண்ணையும் காதையும் முதலில் சோதிப்பியுங்கோ என்றார் வளவாளர். அதற்குப் பிறகு சொன்னதுதான் முக்கியம். ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் தாறுமாறாகப் பொருந்துவதால் இந்தப் பிள்ளைகள் பிழையாக வாசிப்பார்கள். ஒலியும் எழுத்தும் ஓரளவு ஒத்துப்போகும் மொழிகளில் அப்படியில்லை. ஜேர்மன் மொழி பேசும் பிள்ளைகளிடம் ஹைன்ஸ் விம்மர் 1993இல் கண்டது, சரியாக வாசிக்கிறார்கள், ஆனால் மிக மெதுவாக. தமிழிலும் அதைத்தான் எதிர்பார்க்கவேண்டும். பிழையை மட்டும் எண்ணும் ஆசிரியரிடம் அந்தப் பிள்ளை தப்பிவிடும். தரம் 5 புலமைப்பரிசில் தாளில், நேரம் போதாமல்தான் அகப்படும்.

வாசிப்பை ஒரு பெருக்கலாகப் பார்க்கலாம் என்று 1986இல் கஃவ், ரன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன் × மொழியை விளங்கும் திறன். ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். நமக்கு இரண்டாவதிலும் ஒரு மேடு இருக்கிறது. வீட்டில் ‘அவை வந்திட்டினம்’, புத்தகத்தில் ‘அவர்கள் வந்துவிட்டார்கள்’. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது பாதி அந்நிய மொழி. கதை வாசித்துக் காட்டுவதை நேரவிரயம் என்று நினைக்கிற பெற்றோருக்கு இதைத்தான் சொல்வேன்: புத்தகத் தமிழ் முதலில் காதால்தான் நுழையவேண்டும்.

தேநீரும் றோல்சும் முடிந்து வந்ததும் இன்னொருவர் பேசினார். சில பிள்ளைகள் பார்த்துக் கற்பவர், சில கேட்டுக் கற்பவர், சில செய்து கற்பவர், வகைபிரித்துப் படிப்பியுங்கள் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2008இல் ஹெரால்ட் பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளரும் சான்றுகளைத் தோண்டிப் பார்த்தபோது, அப்படி வகைபிரித்துக் கற்பிப்பதை நியாயப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் கண்டார்கள். பிள்ளைகள் வித்தியாசமானவர்கள்தான். எந்தப் படியில் இடறுகிறார்கள் என்பதில் இருக்கிறது அந்த வித்தியாசம்.

சான்றிதழ் தந்தார்கள். இத்தோடு முடிந்திருந்தால் ஒன்றும் மாறியிராது. ஆசிரியர் பயிற்சியை ஆராய்ந்த புரூஸ் ஜோய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980களிலேயே சொன்ன விடயம் இது: விரிவுரை கேட்டதும் செய்துகாட்டியதைப் பார்த்ததும் வகுப்பறைக்குள் வந்து சேர்வது அரிது. ஆசிரியர் தன் வகுப்பில் செய்யும்போது பக்கத்தில் ஒருவர் இருந்து பார்த்துச் சொல்லவேண்டும். நம் கல்வி வலயங்களில் ஆசிரிய ஆலோசகர்கள் இருப்பது இதற்குத்தான். பதிவேடு பார்ப்பதில் அவர்களின் நேரம் போவது வேறு கதை.

ஒரு மாதம் கழித்து, அன்றைக்கு எனக்குப் பக்கத்தில் இருந்த ரீச்சரின் வகுப்புக்குப் போனேன். பால்மாப் பெட்டி மட்டையில் வெட்டிய அட்டைகள். ஒன்றில் ‘க்’, மற்றவற்றில் கொம்பும் காலும். ஒரு பெடியன் ‘க்’ என்றான். ‘ஒ’ என்று சொல்லுமுன்னரே ரீச்சரின் கை கொம்பை வைத்துவிட்டது. பின்னால் இருந்த ஆலோசகர் பிறகு மெல்லச் சொன்னார்: “கை அவசரப்படுது ரீச்சர். அவன் சொன்ன பிறகு வையுங்கோ.”

அடுத்த சொல்லுக்கு ரீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெடியன் வாயைத் திறந்தான், மூடினான். நான் ஒன்பது வரை எண்ணிவிட்டேன். “க்... ஓ... கோ” என்றான். கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் தானே எடுத்து வைத்தான். அப்புறம் ஒரே மூச்சில், “கோளி!”

ழகரத்தை அன்றைக்கு யாரும் திருத்தவில்லை.