உருவகம்: மறைந்துபோன ‘போல’

மதிமுகம் என்றால் உவமை. மதி போன்ற முகம். அதையே திருப்பி முகமதி என்றால் உருவகம், முகமே மதியாகிவிட்டது. பள்ளியில் இதை அணி என்று படித்ததோடு செய்யுளுக்கே விட்டுவிடுகிறோம். ஆனால் தமிழக-கேரள எல்லையிலுள்ள குமுளியின் டீக்கடை வாக்குவாதத்தில்தான் உருவகத்துக்கு வேலை அதிகம்.

‘மெட்டஃபர்’ கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். ஒன்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து செல்வது என்று பொருள். இன்றைய கிரேக்கத்தில் சரக்குப் போக்குவரத்துக்கும் அதே சொல்தான். வடமொழியிலும் மலையாளத்திலும் ரூபகம். தமிழில் உருவகம், அதாவது ஒன்றின் உருவை இன்னொன்றுக்கு ஏற்றுவது. படிமம், குறியீடு என்று சிலர் எழுதுகிறார்கள், அவை வேறு. உருவகமே சரியான சொல்.

சரி, டீக்கடைக்கு வருவோம். 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையைக் கேரளத்தில் பலர் ‘தண்ணீர்க் குண்டு’ என்கிறார்கள். மலைக்குக் கீழே கம்பத்தில் அது ‘உயிர்நாடி’. இரண்டிலும் ‘போல’ இல்லை. குண்டு என்று சொன்னதுமே அகற்ற வேண்டும் என்ற முடிவும் கூடவே வந்துவிடுகிறது. உயிர்நாடி என்றால் கை வைக்கக் கூடாது என்ற முடிவு. அதன்பின் 142 அடி வரை தேக்கலாம் என்ற 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துச் சொன்னாலும் யார் காதிலும் ஏறுவதில்லை.

இங்கே தொல்காப்பியம் எனக்குக் கைகொடுக்கிறது. ‘வினை பயன் மெய் உரு என்ற நான்கே’ என்று உவமம் தோன்றும் இடங்களை அது வகுக்கிறது. செயல், விளைவு, வடிவம், நிறம். மறைந்த ‘போல’வைத் திரும்ப வைத்து, இந்த நான்கில் எதில் ஒப்பு என்று கேட்டுப் பார்க்கலாம். குண்டு வெடிக்கவே செய்யப்பட்டது. அணை நீரைத் தேக்கச் செய்யப்பட்டது. வினையில் ஒப்பில்லை. பயனில் மட்டும், அதுவும் உடைந்தால் என்ற நிபந்தனையோடு, ஒப்பு உண்டு. அந்த ‘உடைந்தால்’ பற்றிய பயம் பொய்யில்லை. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் தோட்டவேலை செய்யும் தமிழர்களுக்கும் அது இருக்கிறது. ஆக, பேச வேண்டியது உடையுமா என்பதைத்தான்.

உயிர்நாடியையும் விடக் கூடாது. தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வயல்களைப் பார்த்தால் பயனில் ஒப்பு முழுதாகவே இருக்கிறது. ஆனால் கை வைக்கக் கூடாது என்பது எங்கிருந்து வந்தது? நாடி என்றாலே பிடித்துப் பார்க்க வேண்டியது அல்லவா? அணையில் கசிவுநீரை அளப்பதும் அதுதான்.