நீங்கள் பார்த்தது முழுப் படம்தானா?

பழைய படங்களின் நெகட்டிவை ஸ்கேன் செய்து, கீறலையும் அழுக்கையும் நீக்கி, வெளிச்சத்தையும் வண்ணத்தையும் சீராக்குவது என் தொழில். என்னிடம் பேச வருபவர்கள் எப்படியும் ஒரு கேள்விக்கு வந்துவிடுவார்கள்: தமிழின் தலைசிறந்த பத்துப் படங்கள் எவை? அந்த வாதம் எனக்கும் பிடிக்கும். ஆனால் யாராவது ஒரு படத்தைப் பட்டியலிலிருந்து தள்ளினால், அதை எதில் பார்த்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் தொலைக்காட்சியில் என்பார்கள். அப்படியானால் அவர்கள் படத்தின் ஒரு பகுதியைத்தான் பார்த்திருக்கக் கூடும்.

1973இல் வந்த ‘ராஜராஜ சோழன்’ தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். ஸ்கோப் படத்தின் அகலம், உயரத்தைப் போல இரண்டே கால் மடங்குக்கும் அதிகம். பழைய பெட்டித் தொலைக்காட்சியின் திரையோ நான்குக்கு மூன்று. ஸ்கோப் படத்தை அதில் நிரப்ப இருபக்கமும் வெட்டினால், படத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் போய்விடும். எதிரெதிர் ஓரங்களில் நின்று பேசும் இருவரில் ஒருவர்தான் மிஞ்சுவார். இப்படிப் பார்த்துவிட்டு, ஒளிப்பதிவு சுமார் என்று தீர்ப்புச் சொல்வது அந்தக் கலைஞர்களுக்கு இழைக்கும் அநீதி.

இன்றைய அகன்ற திரையில் வெட்டு மேலும் கீழும் விழுகிறது. கறுப்பு வெள்ளைக் காலப் படங்கள் பெரும்பாலும் நான்குக்கு மூன்றை ஒட்டிய வடிவம் கொண்டவை. இருபுறமும் கறுப்புப் பட்டை விட்டுக் காட்டினால் முழுப் படம் கிடைக்கும். பட்டை வேண்டாம் என்று திரையை நிரப்பினால் கால் பங்கு போகும். நாட்டியக் காட்சியில் ஆடுபவரின் பாதமே தெரியாது! ரிமோட்டில் பக்கவாட்டில் இழுத்து வைத்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. அங்கே நாயகியின் முகம் அகன்றுவிடும். பட்டையைப் பொறுத்துக்கொள்ளுங்கள், அது குறை அல்ல.

வேகத்திலும் ஒரு மாற்றம் உண்டு. திரைப்படம் நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்), நம் பழைய ஒளிபரப்பு முறை நொடிக்கு 25. படத்தைச் சற்று வேகமாக ஓட்டி மாற்றிய பிரதிகளில் மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிடம் முன்னதாகவே முடியும். ஒலியைச் சரிசெய்யாமல் விட்டிருந்தால் பாடலின் சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்து கேட்கும்.

புதிய தொலைக்காட்சிகள் சட்டங்களுக்கு இடையே தாமாகவே புதுச் சட்டங்களை உருவாக்கிச் செருகுகின்றன. கிரிக்கெட்டுக்கு அது உதவலாம். திரைப்படத்தையோ நாடகத் தொடர் போல வழுவழுவென்று ஆக்கிவிடுகிறது. நடிகர் டாம் குரூஸ் 2018இல் இதை அணைக்கச் சொல்லி வீடியோவே வெளியிட்டார். சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று பெயர் மாறும், வேலை ஏறத்தாழ ஒன்றுதான். படத்தை எடுத்தபடியே காட்டும் ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் படத்துக்கான அமைப்பில் இதை அணைத்துவிடுங்கள். கூர்மையையும் குறையுங்கள். திரையில் மெல்லிய மணல் போலத் தெரிவது ஃபிலிமின் இயல்பு. அதை அழித்தால் முகத்தின் தோலும் சேர்ந்து அழியும். மெருகேற்றித் தாருங்கள் என்று கேட்பவர்களிடம் நான் விடாமல் வாதாடுவது இதற்காகத்தான்.

தரவரிசை என்பது படத்தின் தகுதியை மட்டும் பொறுத்ததல்ல, அது மக்களை எப்படி எட்டியது என்பதையும் பொறுத்தது. பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுக்கிறது. 1941இல் வந்த ‘சிட்டிசன் கேன்’ முதல் வாக்கெடுப்பில் முதல் பத்தில்கூட இல்லை. 1956இல் அது அமெரிக்காவில் திரையரங்குக்கும் தொலைக்காட்சிக்கும் திரும்பி வந்தது. 1962இல் முதலிடம் பிடித்து, 2002 வரை அங்கேயே இருந்தது. ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ கதை இன்னும் வியப்பானது. 1946இல் வசூலில் ஏமாற்றிய படம் அது. 1974இல் அதன் பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் போகவே, தொலைக்காட்சி நிலையங்கள் கிறிஸ்துமஸ்தோறும் போட்டுத் தள்ளின. 1998இல் அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் பட்டியலில் அதற்குப் 11ஆம் இடம்! தொலைக்காட்சி ஒரு படத்தை உயிர்ப்பிக்கவும் செய்யும் என்பதால்தான், அதில் சரியான வடிவில் காட்டுங்கள் என்று மன்றாடுகிறேன். வெட்டிக் காட்டும் சேனலுக்கு நீங்களும் எழுதுங்கள்.

பிரதியே இல்லாத படத்துக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) அப்படித்தான் நம் கையை விட்டுப் போனது. உங்கள் குடும்பத்தில் யாராவது திரையரங்கு நடத்தியிருந்தாலோ விநியோகத்தில் இருந்திருந்தாலோ, பரணில் ஃபிலிம் பெட்டிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த ஆவி பக்கத்துப் பெட்டியையும் கெடுக்கும், உடனே தனியாக வையுங்கள். 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய ஃபிலிம் நைட்ரேட்டாக இருக்கலாம். அது எளிதில் தீப்பற்றும், புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கவே கூடாது. வெயில் படாத, குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, புனேயில் 1964 முதல் இயங்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.