சின்ன ஃபிளாட்டில் ஜன்னல் ஏசி: ஈரத்தையும் கணக்கில் எடுங்கள்

சென்னையில் மே மாத இரவு முழுக்க ஒரு டன் ஜன்னல் ஏசி ஓடினால், பின்பக்கக் குழாயின் கீழ் வைத்த பக்கெட்டில் ஐந்தாறு லிட்டர் தண்ணீர் சேர்வது சாதாரணம். அந்தத் தண்ணீர் மெஷினுக்குள் ஊற்றியதல்ல, அறைக் காற்றில் ஆவியாகக் கலந்திருந்தது. ஒரு லிட்டர் ஆவியைத் தண்ணீராக மாற்ற சுமார் 0.68 யூனிட் (கிலோவாட்-மணி) அளவுக்கு வெப்பத்தை எடுத்தாக வேண்டும். ஒரு டன் மெஷின் முழு நேரம் ஓடினாலும் மணிக்கு எடுக்கக்கூடிய மொத்த வெப்பம் 3.5 யூனிட்தான். அப்படியென்றால் மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பிரியும்போது, மெஷினின் உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு ஈரத்தை எடுப்பதற்கே போய்விடுகிறது. மதுரையில் காய்ந்த வெயில் அடிக்கும் நாளில் இந்தப் பங்கு குறையும். கடற்காற்று வரும் சென்னையில் குறையாது. எந்த அளவு வாங்குவது, எப்படிப் பொருத்துவது, ஃபேனை எந்த நிலையில் வைப்பது என்று ஜன்னல் ஏசியைப் பற்றி எழும் கேள்விகள் பலவற்றுக்கும் இந்த ஈரத்தை நினைவில் வைத்தால் விடை கிடைத்துவிடும்.

மெஷினின் உள்ளமைப்பு எளிமையானது. ஒரே பெட்டிக்கு நடுவில் ஒரு தடுப்பு. அறைப்பக்கம் குளிர் காயில் (தகடுகள் கோத்த வளைகுழாய்), வெளிப்பக்கம் சூட்டுக் காயிலும் கம்ப்ரசரும். இரு முனையிலும் தண்டு நீண்ட ஒற்றை மோட்டார்தான் உள்ளே உருளை விசிறியையும் வெளியே இறக்கை விசிறியையும் சுழற்றுகிறது. கம்ப்ரசர், குழாய்க்குள் சுற்றும் குளிரூட்டும் வாயுவை அழுத்திச் சூடாக்கி வெளிக் காயிலுக்கு அனுப்பும். அங்கே அது வெளிக்காற்றில் வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகும். பிறகு கேப்பிலரி என்கிற மெல்லிய செம்புக் குழாயின் வழியே நெருக்கிக்கொண்டு வந்து, அழுத்தம் சட்டென்று விழும் உள் காயிலில் மறுபடி ஆவியாகும். ஆவியாக வேண்டிய வெப்பத்தை அறைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். உள் காயில் அப்போது 10 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். 27 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று 19 டிகிரிக்குக் கீழே போனாலே நீர் விடத் தொடங்கும் என்பதால், காயிலின் தகடுகளில் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கிறது.

வழியும் நீர் தடுப்புக்கு அடியிலுள்ள கால்வாய் வழியாகப் பின்பக்கத் தட்டுக்குப் போகிறது. பல மாடல்களில் வெளி விசிறியின் இறக்கை நுனிகளைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அது தட்டில் தேங்கிய நீரை அள்ளிச் சூட்டுக் காயில்மேல் விசிறியடிக்கும். நீர் ஆவியாவதால் காயில் நன்றாகக் குளிர்ந்து கம்ப்ரசருக்கு வேலை குறைகிறது. பின்பக்கம் கேட்கும் சளசள சத்தம் இதுதான், கோளாறு இல்லை. சத்தம் பிடிக்கவில்லை என்று தட்டில் ஓட்டை போட்டு நீரை முழுக்க வடியவிடும் மெக்கானிக்குகள் உண்டு. வேண்டாம். தட்டு நிரம்பினால் மிச்சம் வெளியேற உற்பத்தியாளரே ஒரு வாய் வைத்திருக்கிறார். அதில் ஒரு ஹோஸை மாட்டிக் கழிவுநீர்க் குழாய்வரை கொண்டுபோங்கள். கீழ்வீட்டு பால்கனியில் காயும் துணிமேல் சொட்டி வரும் சண்டை அதோடு ஒழியும்.

அளவைப் பார்ப்போம். ‘டன்’ என்பது எடை இல்லை. 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருக எடுத்துக்கொள்ளும் வெப்பத்தின் வேகம், அதாவது 3.517 கிலோவாட். கடையில் ‘ஒரு டன்’ என்று சொல்லும் மெஷின்களின் உண்மையான திறன் மாடலுக்கு மாடல் வேறுபடும். நட்சத்திர லேபிளில் குளிரூட்டும் திறன் வாட் கணக்கில் அச்சிட்டிருக்கும். ஒப்பிட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறை, மேலே இன்னொரு வீடு, தூங்குவது இரண்டு பேர் என்றால் ஒரு டன் போதும். அதே அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே இருந்தாலோ, மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடி ஜன்னல் இருந்தாலோ ஒன்றரை டன் தேவைப்படும். ‘எதற்கும் பெரிதாகவே வாங்கிவிடலாம்’ என்று சின்ன அறைக்கு ஒன்றரை டன் மாட்டுவதுதான் பலரும் செய்வது. பெரிய மெஷின் பத்து நிமிடத்தில் அறையைக் குளிர்வித்து கம்ப்ரசரை நிறுத்திவிடும். காயில் நனைந்து, நீர் சொட்டி, தட்டுக்குப் போய்ச் சேரும் அளவுக்கு அது ஓடுவதே இல்லை. அறை 24 டிகிரி காட்டும், ஆனால் போர்வை ஈரமாக இருப்பதுபோல் உடம்பில் ஒட்டும். உடனே ரிமோட்டில் 20-க்கு இறக்குவார்கள். மின்சாரம் கூடும், நசநசப்பு போகாது. வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகையில் இந்தத் தொல்லை குறைவு. ஜன்னல் ஏசியிலும் இன்வெர்ட்டர் மாடல்கள் வருகின்றன.

நட்சத்திரத்தைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. நட்சத்திர லேபிளை வகுக்கும் மத்திய அரசின் பி.இ.இ. (Bureau of Energy Efficiency) அமைப்பு ஜன்னல் வகைக்கும் ஸ்பிளிட் வகைக்கும் தனித்தனி அளவுகோல் வைத்திருக்கிறது. ஐந்து நட்சத்திர ஜன்னல் ஏசி, ஐந்து நட்சத்திர ஸ்பிளிட்டுக்குச் சமம் இல்லை. அதைவிடக் கூடுதல் மின்சாரம் இழுக்கும். அளவுகோல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கடுமையாக்கப்படுவதால், லேபிளில் அச்சிட்ட காலத்தையும் பாருங்கள். அதிலுள்ள ஆண்டு யூனிட் கணக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. தினம் எட்டு மணி நேரம், வருடத்தில் 200 இரவுகள் என்றால் சரியாக அதே கணக்குதான். நீங்கள் பாதி நாள் ஓட்டினால் அதில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

செயல்திறன் குறைவு என்று தெரிந்தும் ஜன்னல் வகையை ஏன் வாங்க வேண்டும்? வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதுவே சரி என்பது எங்கள் எண்ணம். வாயு முழுவதும் தொழிற்சாலையிலேயே அடைத்து மூடப்படுகிறது. பொருத்தும்போது குழாய் இணைப்பு கிடையாது. ஆகவே இணைப்பில் கசிவும் கிடையாது. வீடு மாறும்போது இரண்டு பேர் தூக்கி எடுத்து, அடுத்த வீட்டு ஜன்னலில் வைத்துவிடலாம். ஸ்பிளிட்டைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் வாயு, செம்புக் குழாய், ஆள்கூலி என்று செலவு நீளும். வெளி யூனிட் வைக்க இடமில்லாத ஃபிளாட்டுக்கும் இதுதான் வழி. சத்தம் மட்டும் கூடுதல். கம்ப்ரசர் உங்களோடு அதே ஜன்னலில் இருக்கிறது, அதற்கு மருந்து இல்லை.

பொருத்துவதில்தான் பெரும்பாலான மெஷின்கள் கெடுகின்றன. வெளிக் காயிலுக்கான காற்று பின்பக்கத்தின் வழியே உள்ளே போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பெட்டியின் இரு பக்கங்களிலும் மேலேயும் உள்ள கீற்றுகள் வழியாக உள்ளே போய், சூடேறிப் பின்பக்கமாக வெளியே வருகிறது. நம் ஊர் வெளிச்சுவர் ஒன்பது அங்குலம். மெஷின் அழகாக உள்ளே அடங்கியிருக்கட்டும் என்று தள்ளி வைத்தால், பக்கவாட்டுக் கீற்றுகள் சுவரின் தடிமனுக்குள் மாட்டிக்கொள்ளும். மூச்சு அடைபட்ட மெஷின் வெளியே விட்ட சூட்டையே மறுபடி இழுத்து, மதிய நேரத்தில் ஓவர்லோடில் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாக ஓடும், மறுபடி நிற்கும். ‘கம்ப்ரசர் வீக்’ என்று சொல்லப்படும் மெஷின்களில் சில உண்மையில் இப்படித் தவிப்பவைதான். சோதிப்பது சுலபம். வெளியே எட்டிப் பாருங்கள். பக்கக் கீற்றுகள் எல்லாம் சுவரைத் தாண்டித் தெரிய வேண்டும், பின்னால் குறைந்தது ஒன்றரை அடி திறந்தவெளி வேண்டும். மூடிய பால்கனிக்குள்ளோ, குளியலறைக் குழாய்கள் போகும் குறுகிய ஷாப்ட்டுக்குள்ளோ பின்பக்கத்தைத் திருப்பி வைத்தால் அதே கதைதான்.

ஒரு டன் மெஷின் 40 கிலோவுக்கு மேல், ஒன்றரை டன் 50 கிலோவுக்கு மேல் இருக்கும். ஜன்னல் கட்டையின் மேல் சும்மா ஏற்றி வைக்கக்கூடாது. மரச் சட்டம் அடித்து, வெளியே நீளும் பாகத்துக்கு இரும்பு ஆங்கிளைச் சுவரில் போல்ட் போட்டுத் தாங்கல் கொடுக்க வேண்டும். கிரில்லை வெட்ட வேண்டியிருந்தால் முதலில் வீட்டு உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள். பின்பக்கம் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும்படி சாய்த்து வையுங்கள். மட்டமாகவோ முன்பக்கம் தாழ்ந்தோ இருந்தால் தண்ணீர் அறைக்குள் சுவரில் வழியும். அதிகம் சாய்த்தால் விசிறி வளையத்துக்கு நீர் சரியாக எட்டாது, கம்ப்ரசருக்கும் நல்லதல்ல.

மிச்ச ஜன்னலைப் பிளைவுட் வைத்து அடைத்து, அதன் உட்புறம் ஒரு அங்குலத் தெர்மாகோல் ஒட்டி, சட்டத்தைச் சுற்றியுள்ள இடுக்குகளை ஃபோமால் நிரப்புங்கள். இந்த வேலையை அரைகுறையாக விடுவதன் விலை கணக்குப் போட்டால் புரியும். 33 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் உள்ள வெளிக்காற்றில் கனமீட்டருக்குச் சுமார் 21 கிராம் நீர் இருக்கிறது. 25 டிகிரி, 50 சதவீதத்தில் உள்ள அறைக் காற்றில் 11 அல்லது 12 கிராம். பத்துக்குப் பன்னிரண்டு அறையின் கொள்ளளவு சுமார் 34 கனமீட்டர். இடுக்குகள் வழியே மணிக்கு ஒரு முறை காற்று முழுதும் மாறினால், மூன்றில் ஒரு லிட்டர் நீர் புதிதாக உள்ளே வந்துகொண்டே இருக்கும். மெஷின் இறைக்க இறைக்க வெளிக்காற்று ஊற்றிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். கதவின் அடி இடுக்கையும், கழிவறையில் ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பலகையில் ‘வென்ட்’ என்று ஒரு கைப்பிடி இருக்கும் மாடல்களில் அது மூடியே இருக்கட்டும். புகை, வாடை போக வேண்டுமானால் சில நிமிடம் திறந்து மூடுங்கள். ஆனால் மூடிய அறைக்கு இந்த மெஷின் புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை. காலையில் எழுந்ததும் கதவு ஜன்னலைத் திறந்துவிடுவது அவசியம்.

மின் இணைப்பில் சிக்கனம் கூடாது. ஒன்றரை டன் மெஷின் ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு. மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், ‘சி’ வகை எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), 16 ஆம்பியர் சாக்கெட், முறையான எர்த், இவை கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஒருபோதும் செருகாதீர்கள். மாட்டிய அன்று அரை மணி நேரம் ஓடியபின் பிளக்கின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் சாக்கெட்டில் பிடிப்பு தளர்வாக இருக்கிறது. இன்றைக்கே மாற்ற வேண்டிய விஷயம் அது. வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவாக இருந்தால் ஸ்டெபிலைசர் வேண்டும். ஒன்றரை டன்னுக்கு 4 கே.வி.ஏ. எடுப்பது வழக்கம். கரண்ட் போய் வந்தால் மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். கம்ப்ரசரின் இரு பக்க அழுத்தமும் கேப்பிலரி வழியே சமமாக அந்த நேரம் பிடிக்கும். அதற்குள் போட்டால் மோட்டார் சுழல முடியாமல் உறுமி, அதிக மின்னோட்டத்தில் சூடாகும்.

அன்றாடப் பயன்பாட்டில் ஒரே ஒரு பட்டனைத் தெரிந்துகொண்டாலே போதும் என்று சொல்லத் தோன்றுகிறது. இன்வெர்ட்டர் இல்லாத மாடல்கள் பலவற்றில் கம்ப்ரசர் நின்ற பிறகும் ஃபேன் ஓடும். நனைந்த காயிலில் ஒட்டியிருக்கும் நீரை அந்தக் காற்று மறுபடி ஆவியாக்கி உங்கள்மேலேயே வீசும். கஷ்டப்பட்டு எடுத்த ஈரம் அறைக்கே திரும்புகிறது. ‘எனர்ஜி சேவர்’ நிலையில் கம்ப்ரசரோடு ஃபேனும் நிற்கும். சென்னை இரவுக்கு அதுதான் பொருத்தம். மழை நாளில் வெப்பம் குறைவு, ஈரம் அதிகம் என்றால் ‘டிரை’ நிலை. அதில் ஃபேன் மெதுவாக ஓடி, காயில் நன்றாகக் குளிர்ந்து, அதிக நீர் எடுக்கும்.

இன்வெர்ட்டர் இல்லாத மெஷினில் 18-இல் வைத்தால் வேகமாகக் குளிரும் என்பது தவறு. எதில் வைத்தாலும் கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான். 2020 முதல் நட்சத்திர லேபிள் உள்ள ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்கும்படி விதி இருக்கிறது. ஈரம் இறங்கிய அறையில் 26-ம் மெதுவான சீலிங் ஃபேனும் சுகமாகவே இருக்கும். மணிக்கு ஒரு யூனிட் இழுக்கும் ஒரு டன் மெஷினில், எட்டு மணி நேரத்தில் கம்ப்ரசர் அறுபது சதவீத நேரம் ஓடினால் இரவுக்கு ஏறக்குறைய ஐந்து யூனிட். இரண்டு மாத பில்லில் 300 யூனிட். தமிழ்நாட்டில் இருமாத அளவு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும் என்பதால், டிகிரியை ஒன்றிரண்டு கூட்டி வைப்பது யூனிட்டைவிடப் பில்லில் பெரிதாகத் தெரியும்.

காற்று வடிகட்டியைச் சீசனில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். அடைத்துக்கொண்டால் காயிலுக்குக் காற்று போதாமல் அது பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, மேலே வெள்ளையாகப் பனி படியும். பனியைக் கத்தியால் சுரண்டினால் தகட்டோடு குழாயும் கிழிந்துவிடும். கம்ப்ரசரை நிறுத்தி, ஃபேனை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிட்டாலே உருகிவிடும். வடிகட்டி சுத்தமாக இருந்தும் பனி பிடித்தால் வாயு கசிந்திருக்கக்கூடும். ஃபேன் ஓடுகிறது, கம்ப்ரசர் மட்டும் உறுமி உறுமி நிற்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மோட்டாரைக் கிளப்ப உதவும் கெப்பாசிட்டரை. சில நூறு ரூபாய்ப் பாகம்தான். ஆனால் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும், நீங்கள் கை வைக்காதீர்கள்.

வருடாவருடம் ‘கேஸ் குறைஞ்சிருக்கு’ என்று நிரப்பச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வாயு பெட்ரோல்போல எரிந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. முதலில் சோதித்துப் பாருங்கள்: மெஷின் கால் மணி நேரம் ஓடியபின், வடிகட்டிக்கு முன்னால் காற்றின் வெப்பநிலையையும், குளிர்காற்று வரும் வாயிலில் உள்ளதையும் ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்தால் வாயு சரியாகவே இருக்கிறது. உண்மையிலேயே குறைந்திருந்தால், ஓட்டையைக் கண்டுபிடித்துப் பற்றவைத்து, வேக்குவம் பம்ப் போட்டு உள்ளிருக்கும் காற்றை இழுத்தெடுத்து, பெட்டியின் தகட்டில் அச்சிட்ட கிராம் அளவுக்குத் தராசில் எடை பார்த்து நிரப்பச் சொல்லுங்கள். இன்று பரவலாக உள்ள ஆர்-32 ஓரளவு தீப்பற்றும் வாயு; பற்றவைக்கும் முன் உள்ளிருப்பதை முழுக்க வெளியேற்றியாக வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரிக் கடலை ஒட்டிய இடங்களில் ஓட்டை விழுவது பெரும்பாலும் உப்புக் காற்று படும் வெளிக் காயிலில்தான். அங்கே வாங்கும்போதே செம்புக் காயிலும் பூச்சு பூசிய தகடும் உள்ள மாடலாகக் கேட்டு எடுங்கள். அலுமினியக் குழாயில் விழுந்த ஓட்டையைப் பற்றவைத்துத் தர ஆள் கிடைப்பது கடினம். செம்பென்றால் பெரும்பாலான மெக்கானிக்குகளே அடைத்துவிடுவார்கள்.