சாயத்தைத் தண்ணீரும் தின்னும்

திருப்பூர்ச் சாயப்பட்டறையில் பனியன் துணிக்கு ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிப்பிணைப்பு உண்டாக்கும் சாயம்) ஏற்றும்போது உப்பு முதலில், சோடா (சோடியம் கார்பனேட்) பிறகு. சோடாவை முந்திக் கொட்டினால் சாயத்தில் கணிசமான பங்கு வீண். அதைத் தின்பது தண்ணீர்!

பாடப்புத்தகத்தில் தண்ணீர் போன்ற கரைப்பானுக்கு வினைச் சமன்பாட்டு அம்புக்குறியின் தலைமேல் சின்ன இடம்தான் கிடைக்கும். அது பெரிய அநியாயம். 1890-இல் ரஷ்ய வேதியியலாளர் மென்ஷுட்கின் ட்ரைஎத்தில் அமீனையும் எத்தில் அயோடைடையும் 23 கரைப்பான்களில் வினைபுரிய விட்டார். ஹெக்சேனில் ஊர்ந்த வினை, பென்சைல் ஆல்கஹாலில் 700 மடங்குக்கு மேல் வேகமெடுத்தது. மின்னூட்டமில்லாத இரண்டு மூலக்கூறுகள் சேரும்போது நடுவழியில் மின்னூட்டம் பிரியத் தொடங்குகிறது. முனைவுள்ள கரைப்பான், அதாவது மூலக்கூறின் ஒரு பக்கம் சற்று நேர்மின்னும் மறுபக்கம் சற்று எதிர்மின்னும் கொண்டது, அந்த நிலையைத் தாங்கிப் பிடிப்பதால், ஏற வேண்டிய ஆற்றல் மேடு தாழ்ந்துவிடுகிறது.

முனைவு மட்டுமே கணக்கல்ல. மெத்தில் அயோடைடைக் குளோரைடு அயனி தாக்கும் வினை, மெத்தனாலைவிட டைமெத்தில் ஃபார்மமைடில் சுமார் 12 லட்சம் மடங்கு வேகமாக நடக்கிறது. இரண்டின் முனைவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மெத்தனால் ஹைட்ரஜன் பிணைப்பால் குளோரைடைச் சூழ்ந்து பிடித்துக்கொள்கிறது. அந்த உறையைக் கொஞ்சமாவது உரித்துக்கொண்டுதான் அது வெளியே வர முடியும். டைமெத்தில் ஃபார்மமைடில் அப்படிப் பிடிக்கும் ஹைட்ரஜன் இல்லை.

சாயத் தொட்டியில் தண்ணீரும் வெறும் கரைப்பானாக நின்றுவிடுவதில்லை. சாய மூலக்கூறு எதிர்மின் தன்மையுடையது, நனைந்த பருத்தி இழையும் அப்படியே. உப்பிலுள்ள சோடியம் அயனிகள் அந்த விலக்கத்தை மறைக்க, சாயம் இழைக்குள் போய்ச் சேர்கிறது. அதன்பின் சோடா காரத்தன்மையைக் கூட்ட, செல்லுலோஸின் ஹைட்ராக்சில் புரோட்டானை இழந்து சாயத்தைத் தாக்கி நிலையான பிணைப்பை உண்டாக்குகிறது. அதே காரத்தில் தண்ணீரிலிருந்து வரும் ஹைட்ராக்சைடும் சாயத்தைத் தாக்கும். சாயம் முன்கூட்டியே இழைக்குள் குவிந்திருந்தால் செல்லுலோஸ் ஜெயிக்கும். வெளியே மிதந்தால் தண்ணீர். தண்ணீரோடு வினைபுரிந்த சாயம் நிறம் மாறாமல் துணியில் ஒட்டி நிற்கும், ஆனால் பிணைப்பு இல்லை. சோப்பு போட்டு அலசினால் கழிவில் போய்விடும்.

நொய்யல் ஆறும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையும் கண்ட சாயக்கழிவில் இதற்கும் பங்குண்டு. உப்பின் பங்கு அதைவிடப் பெரிது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் இந்தச் சாயக்கழிவால்தான்.

தண்ணீருக்குப் பதில் அழுத்திய கார்பன் டைஆக்சைடில் சாயமேற்றும் முறை உண்டு. பாலியெஸ்டருக்கு அது பொருந்தும். பருத்தி அதில் ஊறிப் பருக்காது, ரியாக்டிவ் சாயமும் கரையாது.