யாரும் கேள்விப்படாத ஒயினரிக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஒயின் சுவைப்புப் பயணத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டு வந்து, "சரியா என்று பாருங்கள்" என்று என்னிடம் நீட்டுகிறார்கள். பட்டியலைப் பார்த்தாலே பகீர் என்கிறது. ஒரே நாளில் ஆறு ஒயினரி, அதாவது ஒயின் தயாரிக்கும் இடம். ஆறும் விமான நிலையக் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் பெயர்கள். வண்டி யார் ஓட்டுவது என்று கேட்டால், "நாங்களே மாற்றி மாற்றி ஓட்டிக்கொள்வோம்" என்கிறார்கள். அதில் மூன்றை அடித்துவிட்டு, அதே வட்டாரத்தில் உள்ள சின்ன ஒயினரி ஒன்றை எழுதிக் கொடுத்தால் முகம் சுருங்கிவிடுகிறது. "இந்தப் பெயரை யாருமே கேள்விப்பட்டதில்லையே, நன்றாக இருக்குமா?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால் இதை விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஒயினின் பெயர் உங்கள் காதுக்கு எட்டியிருக்கிறது என்றால், அது பெரும்பாலும் அளவாலும் விளம்பரத்தாலும் எட்டியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கவனமாகப் பயிர் செய்கிற ஒரு ஹெக்டேர் திராட்சைத் தோட்டத்தில் சுமார் 40 ஹெக்டோலிட்டர், அதாவது 4,000 லிட்டர் ஒயின் கிடைக்கும். அது 5,300 பாட்டில்தான். ஆறு ஹெக்டேர் வைத்திருக்கும் குடும்பம் வருடத்துக்கு 32,000 பாட்டில் போடும். அதில் பாதி பழைய வாடிக்கையாளர்களுக்கும் சுற்றுவட்டார உணவகங்களுக்கும் போய்விடும். மீதி இரண்டு மூன்று இறக்குமதியாளர்களோடு தீர்ந்துவிடும். இந்த ஒயின் உங்கள் ஊர்க் கடை அலமாரிக்கு வர வழியே இல்லை. வராததற்கும் தரத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. உலகமே கொண்டாடும், பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்து ரோமனே-கோன்டி தோட்டம் 1.8 ஹெக்டேர்தான். அந்தப் பெயர் மட்டும் புகழ் பெறாமல் போயிருந்தால், அதையும் "கேள்விப்படாத ஒயின்" என்று ஒதுக்கியிருப்பீர்கள்.

"தரவரிசைப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறதே" என்பார்கள் அடுத்து. பிரான்ஸின் போர்டோ வட்டார ஒயினரிகளின் புகழ்பெற்ற பட்டியல் 1855-ல் போட்டது. ஒயின் தரகர்கள் அன்றைய சந்தை விலையை வைத்து எழுதியது. முதல் வரிசையில் அதற்குப் பிறகு நடந்த ஒரே மாற்றம், 1973-ல் மூட்டோன் ரோத்ஷீல்ட் என்ற ஒயினரி இரண்டாம் நிலையிலிருந்து ஏறியதுதான். நடுவே எத்தனையோ தோட்டங்கள் கைமாறின, விரிந்தன, சுருங்கின. பட்டியல் அப்படியே இருக்கிறது. 1976-ல் பாரிஸில் லேபிளை மறைத்து ஒரு சுவைப்பு நடந்தது. நடுவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். சிவப்பில் முதலிடம் பிடித்தது கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் ஒயினரியின் 1973 அறுவடை ஒயின், வெள்ளையில் அதே கலிபோர்னியாவின் ஷாட்டோ மோன்டெலீனா 1973. அந்தச் சிவப்பு ஒயின் மூன்றே வயதான கொடிகளின் பழத்தில் செய்தது. பெயரைப் பார்க்காமல் குடித்தபோது நாக்கு சொன்னதை, பெயரைப் பார்த்திருந்தால் அந்த நடுவர்கள் சொல்லியிருப்பார்களா என்பதை நீங்களே யோசியுங்கள்.

இதைச் சொன்னதும் சிலர் மறு கோடிக்கு ஓடிவிடுகிறார்கள். சின்னது என்றாலே உத்தமம், கூட்டுறவு என்றாலே மட்டம் என்று. அதுவும் தப்பு. இத்தாலியின் பார்பரெஸ்கோவில் 1958-ல் விவசாயிகள் சேர்ந்து தொடங்கிய 'ப்ரொட்யூட்டோரி டெல் பார்பரெஸ்கோ' கூட்டுறவுதான். 1893-ல் தொடங்கிய 'கான்டீனா டெர்லானோ'வும் கூட்டுறவுதான். இரண்டுக்கும் ஒயின் உலகில் இருக்கும் மரியாதை சாதாரணமானதல்ல. இன்னொரு பக்கம், தோட்டமும் இல்லாமல் நிலவறையும் இல்லாமல், வேறு எங்கோ செய்த ஒயினுக்குத் தன் லேபிளை ஒட்டி, அழகான முற்றத்தில் மேசை போட்டு விற்கிற சின்ன இடங்களும் நிறைய. அப்படி விற்பது குற்றமில்லை. ஆனால் தோட்டத்தையும் செய்முறையையும் பார்க்கப் போகிறவருக்கு அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

இதைக் கண்டுபிடிக்க பாட்டிலில் உள்ள லேபிளைக் கவனமாகப் படித்தால் போதும். அமெரிக்க பாட்டிலில் 'எஸ்டேட் பாட்டில்ட்' என்றிருந்தால், பழம் முழுவதும் அந்த ஒயினரியின் சொந்த அல்லது பொறுப்பிலுள்ள தோட்டத்தில் விளைந்தது, அங்கேயே பிழிந்து அங்கேயே அடைத்தது. 'ப்ரொட்யூஸ்ட் அண்ட் பாட்டில்ட் பை' என்றால் குறைந்தது 75 சதவீதம் அங்கே நொதித்தது. 'செல்லர்ட்' அல்லது 'வின்டட்' என்று மட்டும் இருந்தால், அவர்கள் ஒரு சொட்டுகூட நொதிக்க வைத்திருக்க வேண்டியதில்லை. ஷாம்பெயின் பாட்டிலில் லேபிள் ஓரத்தில், கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய அளவுக்குப் பொடி எழுத்தில் ஒரு பதிவு எண் இருக்கும். அதன் முன்னால் 'ஆர்.எம்.' என்றிருந்தால் திராட்சை விளைவித்தவரே செய்த ஷாம்பெயின். 'என்.எம்.' என்றால் பழம் வாங்கிச் செய்யும் நிறுவனம், பெரிய பெயர்களில் அநேகமாக எல்லாமே இதுதான். 'சி.எம்.' என்றால் கூட்டுறவு. பிரான்ஸின் மற்ற வட்டாரங்களில் பாட்டில் மூடியுறையின் மேல், தோளில் பீப்பாய் சுமக்கும் மனிதரின் சின்னம் இருக்கிறதா பாருங்கள். அது சுயேச்சையான தோட்டக்காரர்கள் சங்கத்தின் முத்திரை. அந்தச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலிலேயே வட்டாரவாரியாக ஒயினரி தேடலாம்.

தேடும் இடத்தையும் சற்று நகர்த்துங்கள். புகழ்பெற்ற ஊரின் எல்லையைத் தாண்டி ஒரு ஊர் தள்ளிப் போனால் போதும். பிரான்ஸில் சான்செர் பக்கத்திலேயே மெனெடூ-சலோன் இருக்கிறது: அதே சோவின்யோன் பிளாங்க் திராட்சை, அதே சுண்ணாம்புக் களிமண். ஷாட்டோநெஃப்-டு-பாப்புக்கு ரோன் ஆற்றின் மறுகரையில் லிராக். இத்தாலியின் பரோலோவில் விளையும் நெபியோலோ பிடிக்குமென்றால், அதே பியட்மான்ட் மாநிலத்தின் வடபகுதியில் கட்டினாராவிலும் கெம்மேயிலும் அதே திராட்சை, மலையடிவார மண்ணில். பர்கண்டியின் பெரிய ஊர்களுக்குத் தெற்கே ரூயி, மெர்குரே, ஜிவ்ரி. இந்த ஊர்களில் கதவைத் திறப்பவரே பெரும்பாலும் ஒயின் செய்தவராக இருப்பார்.

அங்கேதான் நம் ஆட்கள் செய்கிற அநியாயம் தொடங்குகிறது. பெரிய ஒயினரியில் வரவேற்பு மேசை, சீருடைப் பணியாளர், மணிக்கொரு சுற்றுலா எல்லாம் உண்டு. சின்ன ஒயினரியில் உங்களுக்கு ஒயின் ஊற்றுகிறவர், அதற்குச் சற்று முன்வரை கொடி வெட்டிக்கொண்டிருந்தவர். நீங்கள் பத்து மணிக்கு வருகிறீர்கள் என்று அவர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து நிற்கிறார். நீங்களோ ஒரே நேரத்துக்கு மூன்று இடங்களில் சொல்லிவைத்துவிட்டு, அன்று காலை மனம் போன இடத்துக்குப் போகிறீர்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். வர முடியாவிட்டால் முந்தின நாளே இரண்டு வரி எழுதிவிடுங்கள், அவர் கோபிக்கவே மாட்டார். வராமலே போனால், அடுத்து எழுதிக் கேட்கிற முன்பின் தெரியாத ஆளுக்கும் கதவு சாத்தப்படும்.

எழுதும்போது தேதி, நேரம், எத்தனை பேர், என்ன மொழி பேசுவீர்கள், எந்த ஒயினில் ஆர்வம் என்று ஐந்து விவரம் போதும். ஆறு பேருக்கு மேல் என்றால் முதலிலேயே கேளுங்கள். பல இடங்களில் நிற்க இடமே இருக்காது. பிரான்ஸில் பகல் 12 முதல் 2 வரை யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள். ஞாயிறு பல ஒயினரிகள் திறப்பதில்லை. அறுவடைக் காலத்தில், அதாவது வடக்கு அரைக்கோளத்தில் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை, தெற்கில் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை, அவர்களாக அழைத்தால் ஒழியப் போகாதீர்கள்.

அவர்கள் அழைத்து நீங்கள் போனாலும் ஒன்றை நினைவில் வையுங்கள். நொதித்துக்கொண்டிருக்கும் தொட்டிக்குள் தலையை நீட்டிப் படம் எடுக்கக் கூடாது. ஒரு லிட்டர் பழச்சாறு நொதித்தால் 50 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அது காற்றைவிடக் கனமானது, தொட்டியின் மேல்மட்டத்திலும் நிலவறைத் தரையிலும் தேங்கும். அனுபவசாலித் தொழிலாளர்களே இதில் உயிரை விட்டிருக்கிறார்கள். மூக்கில் சுள்ளென்று குத்தினாலோ தலை சுற்றினாலோ, பேச்சை நிறுத்திவிட்டு உடனே வெளியே வாருங்கள். குழந்தைகளை உள்ளே அழைத்துப் போகவே வேண்டாம்.

இப்போது அந்த "மாற்றி மாற்றி ஓட்டிக்கொள்வோம்" விவகாரம். ஒரு சுவைப்புக்கு 45 மில்லி, ஒரு ஒயினரியில் ஐந்து வகை, நாளுக்கு மூன்று ஒயினரி. மொத்தம் 675 மில்லி. ஒரு முழு பாட்டிலே 750 மில்லிதான்! 13 சதவீத ஒயினில் இது ஏறக்குறைய 69 கிராம் ஆல்கஹால். ஈரல் மணிக்குப் பத்து கிராம் அளவுக்குத்தான் சுத்தம் செய்யும். காபி, குளியல், காற்று வாங்குவது எதுவும் அதை வேகப்படுத்தாது. சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும். பிரான்ஸிலும் இத்தாலியிலும் வண்டி ஓட்டுகிறவருக்கு வரம்பு லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால், புதிதாக உரிமம் வாங்கியவர்களுக்கு இன்னும் கடுமை. டோக்காய் ஒயின் குடிக்க ஹங்கேரிக்குப் போனால் அங்கே பூஜ்யம். ஆகவே குடிக்காத ஒருவர் ஓட்டட்டும், அல்லது ஓட்டுநர் வையுங்கள், அல்லது நடந்து போகக்கூடிய ஊரில் தங்குங்கள். நாளுக்கு மூன்று ஒயினரிக்கு மேல் வேண்டாம், இரண்டு என்றால் இன்னும் நல்லது. நான்காவது ஒயினரியில் நாக்கு எதையும் சொல்லாது, மூளை சொல்வதும் நம்பத்தக்கதல்ல.

துப்புங்கள். மேசையில் படிக்கம் வைத்திருப்பது அதற்குத்தான். துப்பினால் ஒயின் செய்தவர் மனம் நோகும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. அவரே நாள் முழுக்கத் துப்பிக்கொண்டுதான் வேலை செய்கிறார். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும் என்பதால், ஓட்டுநருக்கு இதுவும் விதிவிலக்கு ஆகாது.

கூட்டம் வராத ஒயினரியில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு, இதை வழிகாட்டிகள் சொல்வதே இல்லை. திறந்த பாட்டில் நாள்கணக்கில் நின்றிருக்கலாம். வெள்ளை ஒயின் பொன்னிறம் ஏறி, வெட்டி வைத்த ஆப்பிள் கறுத்த வாசனை அடித்தால், "இது எப்போது திறந்தது?" என்று பணிவாகக் கேளுங்கள். ஈர அட்டைப்பெட்டி வாசனை என்றால் கார்க் கெட்டுவிட்டது, வேறு பாட்டில் கேட்கலாம். எந்த நல்ல தயாரிப்பாளரும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார், நன்றிதான் சொல்வார். முதல் பாட்டிலை வைத்து ஒயினரியை எடைபோட்டுவிட்டு வெளியேறுவது அவருக்கும் நஷ்டம், உங்களுக்கும் நஷ்டம்.

வாசனைத் திரவியம் போட்டுக்கொண்டு போகாதீர்கள். குறுகிய அறையில் உங்கள் ஒருவரின் சென்ட் எல்லோருடைய சுவைப்பையும் கெடுக்கும். தோட்டத்துக்குள் கேட்காமல் இறங்காதீர்கள். முந்தின நாள் வேறு தோட்டத்தில் மிதித்த மண் காலணியில் இருந்தால் கட்டாயம் கழுவுங்கள். 1860-களிலிருந்து ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்ஸெரா பூச்சி வேரில் வாழ்வது, மண்ணோடு பயணம் செய்வது. ஆஸ்திரேலியாவின் யாரா பள்ளத்தாக்கில் அது 2006-ல்தான் தென்பட்டது. அங்கே காலணியைக் கிருமிநீக்கம் செய்யச் சொன்னால் முணுமுணுக்காமல் செய்யுங்கள்.

கட்டணம் வாங்காமல் ஒரு மணி நேரம் செலவழித்தவரிடம் பிடித்ததில் ஒன்றிரண்டு பாட்டிலாவது வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள். வாங்கியதை வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடாதீர்கள்: சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், காற்று புகும், அவிந்த பழ வாசனை வந்துவிடும். குளிர்பெட்டி ஒன்று வண்டியில் இருக்கட்டும். அது இல்லையென்றால், வாங்குவதை அன்றைய கடைசி ஒயினரிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அறைக்கு நேராகத் திரும்புங்கள்.