பழைய ஃபுல்ஃப்ரேம் கேமரா வாங்கறீங்களா, மொதல்ல சென்சாரைப் பாருங்க

போன மாசம் சர்வீஸுக்கு ஒரு தம்பி சோனி ஏ7 டூ கொண்டு வந்தாரு, ஃபுல்ஃப்ரேம், அதாவது படத்தைப் பதிவு பண்ற சென்சார் பழைய ஃபிலிம் அளவுக்குப் பெருசா இருக்கற மிரர்லெஸ் கேமரா, செகண்ட்ஸ்ல வாங்கினது, பாடில ஒரு கீறல் இல்ல, "அண்ணா எந்த லென்ஸ் போட்டாலும் ஒரே இடத்துல பச்சைக்கோடு வருது"ன்னாரு. லேசர் பட்ட சென்சார். ரிசப்ஷன் மேடை, டிஜேன்னு ஓடின கேமராங்கள்ல இதை நான் அடிக்கடி பாக்கறேன். உள்ள கண்ணாடி வச்ச டிஎஸ்எல்ஆர்ல கண்ணை வச்சு பாக்கறப்போ அந்த மிரரும் ஷட்டரும் சென்சாரை மறைச்சிருக்கும், கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ல ஆன் பண்ணிட்டா சென்சார் தொறந்தேதான் கெடக்கும், லேசர் ஒரு தடவை நேரா விழுந்தாலே அந்த எடம் கருகிடலாம், க்ளீனிங்ல எல்லாம் போகாது. சென்சார் மாத்தற செலவைச் சொன்னதும் அந்தப் புள்ள முகம் வாடிப்போச்சு, மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

அதனால கேமரா பாக்கப் போறப்பவே உங்க மெமரி கார்டும் லேப்டாப்பும் எடுத்துட்டுப் போங்க. லென்ஸ் மூடியப் போட்டு ஐஎஸ்ஓ 3200ல ஒரு செகண்ட் எக்ஸ்போஷர், அப்புறம் லென்ஸ் துளையைச் சின்னதாக்கி எஃப்16ல, ஃபோகஸை விட்டுட்டு வெள்ளைச் சுவர் ஒண்ணு, ரெண்டையும் 100% பெருசாக்கி மூலைமூலையா பாருங்க. மங்கலா கருப்புப் பொட்டு தெரிஞ்சா பெரும்பாலும் தூசிதான், தொடச்சுக்கலாம், அங்கங்க ரெண்டு வெள்ளைப் புள்ளி இருந்தாலும் பரவால்ல, வயசான சென்சார்ல வரும். கலர் கோடு இருந்தா விலை எவ்ளோ கம்மின்னாலும் வேண்டாம்.

2013ல வந்த மொத ஏ7ல கை நடுக்கத்தைச் சமாளிக்கற ஸ்டெபிலைசேஷன் பாடிக்குள்ள கிடையாது, 2014ல ஏ7 டூலதான் வந்துச்சு, அதை 1/10 செகண்ட்ல கையில புடிச்சு நாலஞ்சு எடுத்துப் பாத்துக்கங்க. ரெண்டுலயும் சின்ன பேட்டரி, புதுசுலயே ஒரு சார்ஜுக்கு 350 படம் கிட்டதான், 2018ல ஏ7 த்ரீல பெரிய பேட்டரி வந்தப்புறம்தான் அது ரெண்டு மடங்காச்சு, அதனால கூட ரெண்டு பேட்டரி விலையும் சேத்தே கணக்குப் போடுங்க.

இன்னொண்ணு, சிலர் 16-50 எம்எம் கிட் லென்ஸை மாட்டிக் குடுப்பாங்க, அது ஏபிஎஸ்சி லென்ஸ், அதாவது சின்ன சென்சார் கேமராவுக்குச் செஞ்சது, அதுல ஓரத்தை வெட்டித்தான் எடுக்கும், 24 மெகாபிக்சல் கேமரால 10தான் கைக்கு வரும். அதுக்கு பாடியை மட்டும் வாங்கிட்டு மிச்சக் காசுல ஃபுல்ஃப்ரேம் 50 எம்எம் ஒண்ணு பாருங்க. பில்லுல இருக்கற சீரியல் நம்பரும் கேமரா அடியில இருக்கறதும் ஒண்ணான்னு பாத்துட்டு பணத்தைக் குடுங்க.