பிரேக் இல்லாத பைக்கைப் பார்த்து ரோட்டில் சறுக்குகிறவர்களுக்கு

இந்த மாதம் இது மூன்றாவது கால். 19 வயதுப் பையன், இடது கணுக்கால். கான்வாஸ் ஷூவின் அடிப்பாகம் தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. குதிகாலில் புதைந்திருந்த ஜல்லிப் பொடியைப் பொறுக்கி எடுக்கவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. எப்படி ஆச்சு தம்பி என்று கேட்டால், போனில் ஸ்பீட்வே எனும் மண்தட பைக் பந்தய வீடியோவைக் காட்டுகிறான். "அவங்க வண்டில பிரேக்கே கிடையாது டாக்டர்."

கிடையாதுதான். ஆனால் அதை வீரம் என்று யார் சொன்னது? அங்கே நான்கு பேர் ஒட்டி ஒட்டி ஓட்டுகிறார்கள். முன்னால் போகிறவர் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவர் அவர் மேல் ஏறிவிடுவார். அதனால்தான் யாருக்கும் பிரேக் கிடையாது. 500 சிசி வண்டி, ஒரே கியர், நான்கு சுற்று, எப்போதும் இடப்பக்க வளைவு மட்டும். எதிரே லாரி வராது, நாய் குறுக்கே ஓடாது. தடமும் உதிரி மண். பின்சக்கரம் அதில் சறுக்கும்போதே வேகம் குறையும். தார் ரோட்டில் சறுக்கும் டயர் சட்டென்று பிடித்துக்கொண்டு ஆளைத் தூக்கி எறியும்.

அந்த வீடியோக்களில் இருக்கிறவர்கள் எப்படி வளர்ந்தவர்கள் தெரியுமா? அந்திரி கார்ப்போவ், 1986இல் பிறந்தவர், மேற்கு உக்ரைனின் சுரங்க நகரமான செர்வோனோஹ்ராத்காரர். அந்த நகருக்கு 2024இல் ஷெப்டிட்ஸ்கி என்று பெயர் மாறியது. உக்ரைனில் ரிவ்னே போல ஒருசில ஊர்களில்தான் இந்த ஆட்டம் உயிரோடு இருக்கிறது. பிழைக்க வேண்டுமென்றால் எல்லை தாண்டிப் போலந்து லீக்குக்குப் போக வேண்டும். இவரும் போலந்து கிளப்களுக்காக ஓட்டியவர். இந்த ஆட்டத்தில் சின்ன வண்டியில் வருடக்கணக்கில் பழகிய பிறகுதான் பெரிய வண்டி கைக்கு வரும்.

உடம்பில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். முழு முகத்தை மூடும் ஹெல்மெட், முதுகுக் கவசம், வளைவில் தரையில் தேயும் இடது பூட்ஸுக்கு அடியில் இரும்புத் தகடு. மணிக்கட்டில் ஒரு கயிறு. விழுந்தால் அது இழுபட்டு எஞ்சின் அணைந்துவிடும். பெரிய தடங்களில் வளைவுச் சுவரையொட்டிக் காற்று நிரப்பிய மெத்தைத் தடுப்பு. ஆம்புலன்ஸ் நிற்காமல் பந்தயம் தொடங்காது. இவ்வளவு இருந்தும் 2012இல் வ்ரோட்ஸ்வாஃப் தடத்தில் விழுந்த இங்கிலாந்தின் லீ ரிச்சர்ட்சன் உயிரிழந்தார். 2015இல் ஸியெலோனா கூராவில் விழுந்த ஆஸ்திரேலியரான டார்சி வார்ட் சக்கர நாற்காலிக்குப் போனார். முதுகுத்தண்டு எலும்பைச் சேர்க்கலாம், உள்ளே நசுங்கிய நரம்பை நாங்கள் திருப்பித் தர முடியாது.

முன் பிரேக்கைக் கழற்றாதீர்கள். பின் பிரேக்கையும்தான். ஓடுகிற வண்டியிலிருந்து காலைத் தரையில் தேய்க்காதீர்கள். செருப்போடு ஓட்டாதீர்கள். ஹெல்மெட்டைக் கண்ணாடியில் மாட்டாமல் தலையில் போட்டு வாரையும் மாட்டுங்கள். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டு வண்டியின் பின் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தால், பையனை உட்கார வைத்துப் பேசுங்கள். திட்ட வேண்டாம், கேளுங்கள்.

வியாழக்கிழமை இவனுக்கு அடுத்த அறுவை சிகிச்சை. தொடையிலிருந்து தோல் எடுத்துக் குதிகாலில் ஒட்ட வேண்டும்.